மாப்பிள்ளை என்கிற வெள்ளைக் கட்டி

எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற தெருவில் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பெயரை யாரும் வாசிப்பதில்லை. வாங்க வருகிறவன் விரலால் அளவு காட்டுவான். கடைக்காரன் தனக்குத் தோன்றிய பெயரைச் சொல்வான். சரக்கு கடைக்காரனிடம் இருப்பதால் அவன் வைத்த பெயரே நிலைக்கும். ஞானஸ்நானத்துக்குக் கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது.

இரண்டு வரிசைக் கால்களோடு கறுப்பாகக் கவிழ்ந்து கிடக்கும் சில்லுக்கு அந்தத் தெருவில் பூரான் என்று பேர். கப்பலிலிருந்து இறங்கி வரும் ஒரு நாட்டுக்காரர்கள் அதையே கரப்பான் என்பார்கள். இன்னொரு நாட்டுக்காரர்களுக்கு அது மூட்டைப்பூச்சி. எந்தப் பூச்சி என்பதில்தான் சண்டை, பூச்சி என்பதில் உலகமே ஒற்றுமை. கம்பியைப் பல்லால் கவ்வுகிற கிளிப் எங்கே போனாலும் முதலை. டிரான்சிஸ்டர் முக்காலி. மின்சாரத்தை வாங்கித் தேக்கி வைக்கிற பெரிய கண்டன்சர் பீப்பாய்.

இவற்றில் எதுவும் யாரையும் நோகடித்ததில்லை. எந்தப் பூரானும் கடையேறி வந்து நியாயம் கேட்கவில்லை. மாப்பிள்ளை விஷயம்தான் வேறு.

அது சீமைச் சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாக, இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரெசிஸ்டர். பீப்பாய்க்குப் பக்கத்தில் பூட்டுவார்கள். தெருமுனைக்கு முந்தின பெரிய கடையில், கடைக்காரரின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டோடு ஒருவர் வந்து சேர்ந்த புதிதில், ஒரு வாடிக்கையாளர் அந்தக் கட்டியைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன வேலைங்க பண்ணும்?" என்று கேட்டார். கடைக்காரருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற வியாபாரி இன்னும் பிறக்கவில்லை.

"ஒண்ணும் பண்ணாது. சும்மா உக்காந்து கரண்ட்டக் குடிக்கும், சூடாகும். ஆனா வரைபடத்துல இருக்கு, வச்சாகணும். நம்ம வீட்டு மாப்பிள்ளை மாதிரி."

கடை சிரித்தது. பக்கத்துக் கடை சிரித்தது. பின்கட்டில் அப்போதுதான் ஈயம் உருக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கும் அது கேட்டது. அவரும் சிரித்து வைத்தார். புதுசில் எல்லாவற்றுக்கும் சிரிக்கத்தானே வேண்டும். அந்த வாரமே தெரு முழுக்க அந்தக் கட்டிக்கு மாப்பிள்ளை என்று பேராகிவிட்டது. பிறகு வெளியூர் வியாபாரிகள் போனில், "பீப்பாய் ஒரு பெட்டி, மாப்பிள்ளை ரெண்டு பெட்டி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது மாப்பிள்ளையின் மகள் பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள். இத்தனை வருஷமும் அவர் காதுபட யாராவது ஒருத்தர் அவரை எடை போட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஒரே பொய்யைக் கல்லாவில் உட்கார்ந்து பலமுறை சொன்னால் வாங்குகிறவன் நம்புகிறானோ இல்லையோ, சொல்கிறவன் நம்பிவிடுவான். அந்தக் கட்டி ஒன்றும் செய்யாது என்பதை மாமனார் வேதவாக்காகவே எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் பிள்ளை, அதாவது மாப்பிள்ளையின் மச்சினன், அந்தக் கடையிலேயே தவழ்ந்து வளர்ந்தவன். அவனுக்கு அது பிறவி ஞானம்.

வினை ஒரு வெல்டிங் மெஷின் ஆர்டரில் வந்தது.

கடையின் பின்கட்டில் உதிரிச் சாமான்களைச் சேர்த்துச் சின்ன வெல்டிங் மெஷின்களைப் பூட்டி விற்பார்கள். படகு பழுது பார்க்கும் பட்டறை ஒன்று மொத்தமாகக் கேட்டிருந்தது. அன்று மாலையே வண்டி வரும். விடியுமுன் உட்கார்ந்ததில் காலையிலேயே எல்லோருக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது. ஈயப் புகையில் கண் எரிச்சல், மின்விசிறி போட்டால் ஈயம் ஆறிவிடும் என்று அதுவும் இல்லை. மூடி போடாத மெஷின்கள் மேஜை நெடுக வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பார்த்தால் ஒரேயடியாகக் கொட்டாவி விடுவதுபோல் இருந்தது. பார்க்கிறவனுக்கும் கொட்டாவி வரும்.

மச்சினன் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான். "மாப்பிள்ளை காலி."

"வர வேண்டிய பெட்டி?" என்றார் மாப்பிள்ளை.

"வரல. எங்கயோ மாட்டிக்கிச்சாம். விடுங்க மச்சான், அது இல்லாமலே ஓடும். இப்ப ஓட்டிக் காட்டட்டுமா?"

ஓட்டியும் காட்டினான். மெஷின் ஜோராக உறுமியது. நெருப்புப் பொறி பறந்தது. ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளை தன் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். பெண் கட்டுவதற்கு முன் அவர் சினிமாக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருமுறை அணைத்து வைத்த பெட்டிக்குள் கையை விட்டு, எதிர்ச் சுவரில் போய் முதுகால் அறைந்துகொண்டு எழுந்திருக்கிறார். மெஷினை நிறுத்தினாலும் பீப்பாய்க்குள் தேங்கினது தேங்கினபடியே இருக்கும். வெள்ளைக் கட்டி இருந்தால் அதை மெல்ல மெல்லக் குடித்து வற்ற வைத்துவிடும். கட்டி இல்லையென்றால், அடுத்துக் கை வைக்கிறவன் யாரோ அவனுக்குள் அது இறங்கும். வெல்டிங் மெஷின் பீப்பாய் என்பது ஆளைக் கிடத்துகிற அளவு.

அடுத்துக் கை வைக்கிறவர் யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. எந்த மெஷினுக்கும் மூடி போடுவதற்கு முன் மாமனார் வருவார். ஓட்டிப் பார்ப்பார், நிறுத்துவார், ஒரு டீ குடிப்பார், பிறகு கட்டை விரலால், கம்பி ஒட்டிய ஒவ்வொரு ஈயப் பொட்டாக அழுத்திப் பார்ப்பார். பழம் வாங்குகிறவன் காம்பை அழுத்துவதுபோல. மீட்டரை நம்பமாட்டார், "மீட்டர் கம்பெனிக்காரன் செஞ்சது, விரல் எங்கப்பன் செஞ்சது" என்பார். பீப்பாயின் இரண்டு முனையையும் சேர்த்து அழுத்துவதில் அவருக்குத் தனிப் பிரியம்.

"அது இல்லாம அனுப்பக் கூடாது" என்றார் மாப்பிள்ளை.

"ஏன்?"

"அதுக்கும் ஒரு வேலை இருக்கு."

மச்சினன் பற்றவைக்கும் ஈயக்கோலை ஸ்டாண்டில் வைத்தான். அவனும் களைத்துத்தான் போயிருந்தான். களைத்தவனுக்கு ஒரு சிரிப்பு கிடைத்தால் விடமாட்டான். "இருக்கும் இருக்கும். நாங்க எப்ப இல்லன்னு சொன்னோம்? வேளாவேளைக்குச் சாப்பிடுறது வேலை இல்லையா?"

பூட்டிக்கொண்டிருந்த மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள்.

இங்கேதான் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார். அந்தக் கட்டிக்காக எந்த நியாயத்தைப் பேசினாலும் தனக்காகப் பேசுவதுபோலவே இருந்தது. அது சும்மா இல்லை என்றால், நான் சும்மா இல்லை என்றாகிறது. அது இல்லாவிட்டால் ஆபத்து என்றால், நான் இல்லாவிட்டால் பார் என்றாகிறது. வாயில் வந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தத் தராசில் போட்டுப் பார்த்துப் பார்த்துத் திருப்பி உள்ளேயே வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை முறுக்கு என்று ஊரில் சொல்வார்களே, அது கல்யாணத்தோடு போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. உள்ளே இறங்கித் துருப்பிடிக்கும்.

எழுந்து முன்கட்டுக்கு வந்தார். கல்லாவில் அவர் மனைவி ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முதலைக் கிளிப்புகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கடையில் பேரம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். போனை வைத்ததும் விஷயத்தைச் சொன்னார்.

அவள் கை நின்றது. "அப்பாவுக்கா?"

"அவர்தானே விரல வைப்பார்."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா? புருஷனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றாள்னு தம்பி ஆரம்பிப்பான். மாப்பிள்ளை மகிமைன்னு அப்பா ஒரு பாட்டம் பாடுவார். அதுக்குள்ள டீ ஆறிடும், விரல வச்சிருவார்."

"நான் சொன்னா மட்டும்?"

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. "உங்களுக்கு இந்தப் பேரு வலிக்குதுன்னு ஒரு தடவையாவது வாய் தெறந்து சொல்லியிருக்கீங்களா? சிரிச்சிக்கிட்டே இருந்தீங்க. நானும் உங்களுக்குப் பிடிச்சிருக்கு போலன்னு விட்டுட்டேன்."

"சாயங்காலம்தான மாமா வருவார்? அதுக்குள்ள எங்கயாவது வாங்கிட்டு வந்து நானே பூட்டிடுறேன். யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம்" என்று சொல்லிச் செருப்பை மாட்டினார்.

பேசாமல் முடித்துவிடலாம் என்று நினைக்கிறவனுக்குத்தான் அதிகம் பேச வேண்டி வரும். மத்தியானம் வரை தெருவில் கேட்ட கடையெல்லாம் கை விரித்தன. மிச்சம் இருந்தது எதிர்வரிசையில் ஒரே விலை என்கிற கடைக்காரர். பலகையில் ஒரே விலை என்று எழுதிப் போட்டுவிட்டு, தெருவிலேயே அதிகம் பேரம் பேசுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மாமனாரோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்.

"வாங்க வாங்க! என்ன, வழி தவறி வந்துட்டீங்களா?"

"அந்த வெள்ளைக் கட்டி வேணும். பெருசு."

"எந்தக் கட்டி?" என்றார் ஒரே விலை. கண்ணில் பாலைப் பார்த்த பூனை.

"அதான்... பீப்பாய் பக்கத்துல போடுறது."

"நம்ம கடையில ஆயிரம் சாமான் இருக்கு. பேரு சொன்னாத்தான எடுக்க முடியும்?"

மாப்பிள்ளை அலமாரிகளைக் கண்ணால் துழாவினார். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசியில், "மாப்பிள்ளை இருக்கா?" என்றார்.

"அடடா! அதை உங்க வாயால கேக்கணும்னு எத்தன வருஷமாக் காத்திருக்கேன்!" ஒரே விலை மேஜையைத் தட்டிச் சிரித்தார். "இருக்கு. ஆனா மாப்பிள்ளை கிராக்கி இப்ப. தெருவுல ஒருத்தர்கிட்டயும் இல்ல."

"அதனால விலைய ஏத்துவீங்க."

"நான் ஏத்தல, மாப்பிள்ளை தானா ஏறுறார்."

"உங்க பெட்டி மூலையில எறும்பு குடியிருக்கு. எவனும் தொடாம கெடந்த சரக்கு. எடைக்குப் போடுறதுன்னாத் தாங்க, இல்லாட்டி நான் ஆத்தாண்ட மொத்தக் கடையில போய் வாங்கிக்கிறேன்."

"ஆத்தாண்ட போக உங்களுக்கு நேரம் இருந்தா என் கடைப் படிய மிதிச்சிருப்பீங்களா?"

நியாயம்தான். இரண்டு பேரும் வழக்கப்படி கொஞ்சம் இழுத்தார்கள். அந்த நேரத்தில் அழுக்கு நீல உடுப்போடு ஒரு கப்பல் மெக்கானிக் வந்து, அதே வெள்ளைக் கட்டியைக் காட்டித் தன் மொழியில் ஏதோ கேட்டார். ஒரே விலைக்கு எல்லா மொழியிலும் பேரம் பேசும் அளவுக்குத் தெரியும். கொடுத்து அனுப்பிவிட்டு, "இவங்க ஊர்ல இதுக்கு என்ன பேர் தெரியுமா? கடை சாத்துறவன்னு அர்த்தம் வருமாம். எல்லாரும் போன பிறகு, இருக்கிறதப் பெருக்கித் தள்ளிட்டுக் கதவச் சாத்துறவன்" என்றார்.

மாப்பிள்ளை பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். "அந்த ஊர்ல போய்ப் பொண்ணு கட்டியிருக்கலாம்."

"அங்க மாமனார் என்ன பேர் வச்சிருப்பாரோ!" என்றார் ஒரே விலை.

வெளியே வந்தபோது எதிரே தன் கடை வாசலில் மாமனாரின் ஸ்கூட்டர் நிற்பது தெரிந்தது.

பட்டறைக்காரர் போன் பண்ணி வண்டியை முன்னதாகவே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். மாமனார் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்திருந்தார். மாப்பிள்ளை தெருவைக் கடந்தார். ஒரு தள்ளுவண்டி, ஒரு பைக், பாரம் இறக்குகிற ஒரு வேன் எல்லாம் அவர் அவசரத்தை மதிக்காமல் குறுக்கே நின்றன. கடைக்குள் நுழைந்தபோது கல்லாவில் மனைவி இல்லை. கல்லாவை அவள் அப்படி விட்டுப் போனதே கிடையாது.

பின்கட்டு வாசலில் அவள் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இந்த ரேட்டு மட்டும் ஒரு நிமிஷம் பாத்துச் சொல்லுங்க."

"அதான் பாத்துச் சொல்லிட்டேனே!"

"அது பழைய ரேட்டு."

"இன்னிக்கு உனக்கு என்னம்மா ஆச்சு? இத்தனை வருஷமா என்னைய ஒரு ரேட்டு கேட்டிருக்கியா நீ?" கையை விடுவித்துக்கொண்டார். மறு கையில் இருந்த டீ டம்ளர் காலியாக இருந்தது. மச்சினன் முதல் மெஷினை ஓட்டி நிறுத்தித் தயாராக வைத்திருந்தான். மாமனார் டம்ளரை மேஜையில் வைத்து, கட்டை விரலை வேட்டியில் துடைத்தார்.

"மாமா, கை வைக்காதீங்க."

இவ்வளவு சத்தமாக அந்த வீட்டில் மாப்பிள்ளை பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கே அது வேறு யாரோ கத்தினதுபோல் இருந்தது. பூட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"என்ன?"

"அதுக்குள்ள கரண்ட் இருக்கு."

"நிறுத்தியாச்சு மச்சான்" என்றான் மச்சினன். "பிளக்கே இங்க தரையில கெடக்கு, பாருங்க."

"பீப்பாய்ல நிக்குது. வத்த வைக்க மாப்பிள்ளை இல்ல."

ஒருவன் களுக்கென்றான். மச்சினன் வாயைத் திறந்தான். அவன் நாக்கு நுனியில் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். "நீ சும்மா இருடா" என்றாள் அவன் அக்கா. அவன் மூடிக்கொண்டான்.

மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார். சுவரில் மாட்டியிருந்த பழைய குண்டு பல்பை ஹோல்டரோடும் இரண்டு வயரோடும் எடுத்தார். உறை போட்ட இடத்தில் மட்டும் பிடித்து, இரண்டு முனையையும் பீப்பாயில் வைத்தார். பிளக் பிடுங்கிய நிலையில், எல்லோர் கண் முன்னாலும் செத்துக் கிடந்த மெஷினிலிருந்து பல்பு பளீரென்று எரிந்தது. பின்கட்டுச் சுவரெல்லாம் வெளிச்சமானது. பிறகு மஞ்சளாகி, சிவப்பாகி, உள்கம்பி மட்டும் புழுவாக மின்னி அணைந்தது.

மச்சினன் தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். காலையிலிருந்து அவனும் அந்த மேஜையில்தான் துழாவிக்கொண்டிருந்தான். மாமனார் கட்டை விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒரு நல்ல வார்த்தை வரும் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தாரோ என்னவோ. வந்தது அது இல்லை.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"எது?"

"இதப் போடாம விட்டிருக்கான்னு."

"காலையிலேயே தெரியும், மாமா."

"காலையிலேருந்து!" மாமனார் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். பயம் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். வியாபாரிகளில் பலருக்கு அப்படித்தான். "தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்க. ஒரு போன் போட முடியாது? கத்த முடியாது? நான் இங்க கருகிக் கெடந்தா ஊருக்கு என்ன சொல்லியிருப்ப?"

"சொன்னேன். சிரிச்சாங்க."

"சிரிச்சா என்ன? அறைஞ்சு சொல்லணும்!"

"இதுக்கு வேலை இருக்குன்னு சொன்னா, எனக்கு வேலை இருக்குன்னு சொல்றதாத்தான் உங்க எல்லாருக்கும் கேக்குது. நான் என்ன மாமா பண்ணட்டும்?" மாப்பிள்ளைக்குக் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். "பேசிப் பேசித் தோக்குறதவிட வாங்கிப் பூட்டிடுறது சுலபம்னு போனேன். நீங்க சாயங்காலம் வருவீங்கன்னு நெனச்சேன். தப்புதான்."

மாமனார் அவரை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பல்பைப் பார்த்தார். விலை படியாத ஆள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. உடனே போனும் அடித்தது. மனைவி ஓடிப்போய் எடுத்துக் கேட்டுவிட்டு, "பட்டறைக்காரர். ஏத்தியாச்சான்னு கேக்குறார்" என்று அப்பாவிடம் நீட்டினாள். மாமனார் வாங்கி, "இன்னிக்கு முடியாதுங்க, நாளைக்குத்தான்" என்றார். மறுமுனையின் சத்தம் பின்கட்டு வரை கேட்டது. எல்லா மழுப்பலும் கைவசம் உள்ளவர், சரக்கு வரல, கரண்ட் இல்ல, ஆள் லீவு என்று எதையும் எடுத்து விடக்கூடியவர், ஒன்றும் சொல்லாமல் போனை மாப்பிள்ளை பக்கம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

மாப்பிள்ளைக்கு அந்த போனை வாங்கப் பிடிக்கவில்லை. ஈயம் உருகி வழிகிற கோலை வெறுங்கையால் பிடிக்கச் சொன்னாலும் பிடித்திருப்பார். ஆனாலும் வாங்கினார். பட்டறைக்காரர் திட்டி முடிக்கும் வரை காத்திருந்தார். பூட்டுகிறவர்கள், மச்சினன், மனைவி, வாசலில் வண்டிக்காரன், எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மெஷின் ஓடும் சார். ஓடலன்னு சொல்லல. ஒரு சாமான் பூட்டணும். அது மெஷின் ஓடும்போது ஒண்ணும் பண்ணாது, வாஸ்தவம். கொஞ்சம் சூடாகும், கரண்ட் சாப்பிடும். நீங்க நிறுத்தினதுக்கு அப்புறம்தான் அதுக்கு வேலை. உங்க ஆள் யாராவது நாளைக்கு ரிப்பேர்னு உள்ள கைய விட்டா, அவன் வீட்டுக்குப் போகணும்ல? அதுக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல சார். பாதி கூட அனுப்ப முடியாது. ஒண்ணு கூட முடியாது. ஆர்டர வேற யாருக்காவது குடுக்குறதுன்னாக் குடுத்துருங்க. சரி. வைக்கிறேன், வேலை கெடக்கு."

போனை மனைவியிடம் கொடுத்தார். அவள் வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பப் போனாள். போகிற போக்கில் பின்கட்டு மின்விசிறியைப் போட்டாள். ஈயம் ஆறும் என்று யாரும் சொல்லவில்லை.

மச்சினன் பெட்டியைப் பிரித்து எறும்புகளைத் தட்டினான். "மச்சான், ஓட்டிப் பாத்ததையெல்லாம் முதல்ல பல்ப வச்சு வத்த வச்சிரட்டுமா?"

"வயர நுனியில பிடிக்காத. உறையில பிடி."

மேஜை நெடுக ஒவ்வொரு மெஷினாகப் பல்பு எரிந்து எரிந்து அணைந்தது. மாப்பிள்ளை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதுகு முன்னைப்போலவே வலித்தது. வெள்ளைக் கட்டி ஒன்றை எடுத்துக் கம்பியை வளைத்து, பொருத்தி, ஈயம் வைத்தார். புகை எழுந்தது. கழுத்துக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டுத் திரும்பினார். மாமனார் இரண்டு கையையும் முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அழுத்திப் பாக்கலாமா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க, மாமா."

மாமனார் பொறுத்தார்.